பழைய ஜப்பானிய அசேலியா வகைகளை இனங்காணும் முறை

சித்திரை விடுமுறைக்கு நுவரெலியா போய்த் திரும்பும் கொழும்புக் குடும்பங்கள் பலவற்றின் வாகனங்களில் ஓர் அசேலியாக் கன்றாவது ஏறிவிடுகிறது. அதன் வகைப்பெயரைக் கேட்டால் பெரும்பாலும் "ஜப்பான் அசேலியா" என்ற ஒரே விடைதான் கிடைக்கும். அந்த ஒற்றைப் பெயருக்குள் ஒன்றுக்கொன்று தூரத்து உறவுள்ள பல குலங்கள் அடங்கியிருப்பதாலும், ஜப்பானுக்கே உரியதல்லாத செடிகள் பலவும் அதே பெயரில் உலவுவதாலும், கன்றை அல்லது பழைய பங்களாத் தோட்டமொன்றில் நிற்கும் புதரை எப்படி முறையாக ஆராய்வது என்பதை இங்கே எழுதுகிறேன். பூவின் நிறத்தைக் கடைசியாகவே பார்க்க வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிழையாக இனங்காண்போரில் அநேகர் நிறத்திலிருந்து தொடங்குபவர்களே.

வரலாறு தெரியாமல் பெயர்கள் விளங்கா. எடோ (இன்றைய டோக்கியோ) நகரின் புறத்தே சோமெய் என்னும் ஊரில் செடி வளர்த்து விற்ற இதோ இஹெய் என்பவர் 1692 இல் "கின்ஷூ மகுரா" என்ற நூலை வெளியிட்டார். அதில் 300 க்கும் மேற்பட்ட வகைகளைப் படங்களுடன் விவரித்த அவர், அவற்றைத் "சுட்சுஜி" என்றும் "சட்சுகி" என்றும் இரண்டாகப் பிரித்தார். முன்னதாகப் பூப்பவை சுட்சுஜி. பழைய சந்திர நாட்காட்டியின் ஐந்தாம் மாதத்தில், புதுத்தளிர் விட்ட பின் பூப்பவை சட்சுகி. இன்றும் இனங்காணலின் முதல் கேள்வி இதுவேயாகும்.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில், 1690 முதல் 1692 வரை, நாகசாகியின் டெஷிமா தீவில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவராக இருந்த எங்கல்பெர்ட் கெம்ப்ஃபெர், இந்தச் செடிகளைக் கண்டு எழுதி, 1712 இல் ஐரோப்பாவில் அச்சேற்றினார். அப்போது கொழும்புக் கோட்டையும் அதே கம்பனியின் கையில்தான் இருந்தது. பின்னர் 1753 இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு "அசேலியா இண்டிகா" என்று பெயரிட்டார். இந்தியாவில் இயற்கையாக வளராத ஜப்பானியச் செடியொன்று "இந்திய அசேலியா" ஆனது இப்படித்தான். அதைவிடப் பெரிய குழப்பம் பிறகு வந்தது. 19ஆம் நூற்றாண்டில் சீனத்தின் சிம்சியை என்ற இனத்திலிருந்து பெல்ஜியத்தில் உருவாக்கப்பட்ட, அடுக்கிதழ் கொண்ட சாடிச் செடிகளும் அதே "இந்திய அசேலியா" என்ற பெயரிலேயே உலகெங்கும் விற்கப்பட்டன. ஆகவே பழைய பெயர்ச்சீட்டில் "இண்டிகா" என்றிருந்தால் அதை ஜப்பானியப் பரம்பரைக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது.

இனிச் செடியிடம் செல்வோம். பூவும் தளிரும் எந்த ஒழுங்கில் வருகின்றன என்று பாருங்கள். ஜப்பானில் ஏப்ரல், மே, ஜூன் என்று மாதம் சொல்லிப் பிரிக்கலாம். பருவங்கள் அவ்வளவு கூர்மையாகப் பிரியாத நம் மலைநாட்டில் மாதம் உதவாது, ஒழுங்கே உதவும். இலை மறையும்படி பூ மூடிக்கொண்டு, அதன் பின்னரே தளிர் நீண்டால், ஜப்பானின் குரூமே நகரில் உருவான குரூமே வகைகள் போன்ற சுட்சுஜிக் குலத்தை எண்ணலாம். நீண்டுவிட்ட புதுத்தளிர்களின் நடுவே ஒன்றிரண்டாகப் பூ விரிந்தால் சட்சுகியை எண்ணலாம்.

அடுத்து கேசரங்களை, அதாவது பூவின் நடுவே மகரந்தப்பையைத் தாங்கி நிற்கும் இழைகளை, எண்ண வேண்டும். ஒரு பூவில் எண்ணியது போதாது. வெவ்வேறு கிளைகளில் பத்துப் பூக்களையாவது எண்ணுங்கள். குரூமே வகைகளிலும், அவற்றின் மூதாதையரான கியூசியானம், கெம்ப்ஃபெரி ஆகிய காட்டினங்களிலும் கேசரம் 5. சட்சுகியின் முதன்மைத் தாயினமான இண்டிகத்திலும் 5 தான். ஆனால் அதன் இலை ஒடுங்கி, ஈட்டி முனை போல நீண்டு, பளபளப்பாக இருக்கும். சட்சுகியின் மற்றொரு மூதாதையான எரியோகார்ப்பத்தில் 8 முதல் 10 வரை கேசரங்கள் உண்டு, இலையும் உருண்டையானது. "கும்போ" போன்ற குட்டையான, அகன்ற பூவுடைய வகைகள் இப்பக்கத்து உறவினர். பூ 7 சென்டிமீட்டருக்கும் அதிகமாக அகன்று, ஊதாக்கலந்த இளஞ்சிவப்பாய், 10 கேசரங்களுடன் இருந்தால், ஜப்பானின் வீதியோரங்களில் எங்கும் காணப்படும் பழைய "ஓமுராசாகி"யை முதலில் ஐயப்படுங்கள். சிம்சியையிலும் 10 வரை கேசரம் இருப்பதால் எண்ணிக்கை மட்டும் இங்கே தீர்ப்புச் சொல்லாது. அடுக்கிதழ்ப் பூக்களிலோ கேசரங்களே இதழ்களாக மாறிவிடுவதால் எண்ணுவதில் பயனே இல்லை.

மூன்றாவதாகப் பூவைக் கவிழ்த்துப் புல்லிவட்டத்தைப் பாருங்கள். என் கருத்தில் அதிகம் பேசும் உறுப்பு இதுவே, அதிகம் புறக்கணிக்கப்படுவதும் இதுவே. சாதாரணப் பூவில் காம்பின் நுனியில் ஐந்து சிறிய பச்சைப் புல்லிகள் தெரியும். "கிரின்" என்ற பழைய குரூமே வகையிலோ பச்சையே தெரியாது. புல்லிகள் முழுவதும் இளஞ்சிவப்பு இதழ்க்குழலாக மாறி, ஒரு பூவுக்குள் இன்னொரு பூவைச் செருகி வைத்தது போலத் தோன்றும். உள்ளே இருக்கும் பூவை மெதுவாக இழுத்தால் அது தனியே கழன்று வரும். வெளிக்குழல் காம்போடு நிற்கும். இந்தக் கிரின் மேலைநாட்டு வணிகத்தில் "கோரல் பெல்ஸ்" ஆனது போலவே "இமாஷோஜோ" என்பது "கிறிஸ்மஸ் சியர்" ஆனது. ஆகவே ஆங்கிலச் சீட்டுடன் வந்த கன்று பழைய ஜப்பானிய வகையாகவும் இருக்கக்கூடும். புல்லிகள் நீண்டு, பசைபோல விரலில் ஒட்டி, சிறு பூச்சிகளும் அவற்றில் சிக்கியிருந்தால் அது மாக்ரோசெபலம் என்னும் இனத்தின் வழிவந்தது. அவ்வினத்தில் இதழும் இலையும் நூலாகப் பிரிந்த விந்தை வகையும் உண்டு. சட்சுகியில் "கின்சாய்" என்பதன் இதழ்களும் அடிவரை நாடாக்களாகப் பிளந்திருக்கும். எனினும் அதே செடியில் சில கிளைகள் சாதாரண முழுப்பூவுக்குத் திரும்பிவிடுவதுண்டு.

இலைகளைப் பார்க்கும்போது, ஒரே கிளையில் இரண்டு வகை இலை இருப்பதை மறக்க வேண்டாம். கிளையின் கீழ்ப்பகுதியில் முதலில் வந்தவை பெரியவை, மெல்லியவை, பின்னர் உதிர்பவை. நுனியில் நெருங்கி நிற்பவை சிறியவை, தடித்தவை, நிலைப்பவை. இரண்டையும் அளந்து தனித்தனியே குறிக்க வேண்டும். ஹோர்ட்டன் சமவெளியின் சிவந்த காட்டு ரொடோடென்ட்ரான் இக்குடும்பத்து உறவுதான், ஆனால் அது மரமாக வளர்வது, தடித்த பேரிலை உடையது, அசேலியா அன்று.

நிறத்துக்கு இப்போது வரலாம். சட்சுகியில் ஒரே செடி வெள்ளை, கோடு விழுந்தது, ஓரம் வெளுத்தது, முழுச்சிவப்பு என்று பலவாறு பூக்கும். கோடு விழுந்த பூவைப் பார்த்து ஆசைப்பட்டு, முழுச்சிவப்புப் பூக்கும் கிளையில் தண்டு வெட்டிப் பதித்தால், அனேகமாக முழுச்சிவப்பே கிடைக்கும். ஆகவே செடி முழுவதையும் படமெடுங்கள். அழகான ஒரு பூவை மட்டும் எடுத்த படம் பயன்படாது.

வகைப்பெயர் தண்டுப்பதியம் போன்ற விதையில்லா முறைகளால் மட்டுமே கடத்தப்படுகிறது. விதையிலிருந்து முளைத்த கன்று தாயை எவ்வளவு ஒத்திருந்தாலும் தாயின் பெயருக்கு உரித்துடையதன்று. குரூமேயின் கதை இதைத் தெளிவாக்கும். 19ஆம் நூற்றாண்டில் கியூஷு தீவின் குரூமே நகரில் சகமோட்டோ மோட்டோசோ என்ற சாமுராய் தேர்ந்து வளர்த்த செடிகளை அகாஷி கிஜிரோ தொடர்ந்து பெருக்கினார். 1915 இல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் அவை காட்டப்பட்டன. 1918 இல் குரூமேக்கு நேரில் சென்ற தாவர சேகரிப்பாளர் ஏர்னஸ்ட் வில்சன் தெரிந்தெடுத்த 50 வகைகள் மறு ஆண்டு அமெரிக்காவின் ஆர்னல்ட் தாவரவியற் பூங்காவை அடைந்தன. பெயரோடு கைமாறிய இத்தகைய சங்கிலி உங்கள் செடிக்கு இருக்கிறதா என்று விசாரியுங்கள். பங்களாவின் பழைய தோட்டக்குறிப்பு, செடி தந்தவரின் வாய்ச்சொல், மண்ணில் புதைந்த ஈயச்சீட்டு எதுவும் உதவும்.

கொழும்பில் வைத்து ஆராய்வோருக்கு ஓர் எச்சரிக்கை. பூமொட்டு முறையாக விரியக் குரூமே வகைகளுக்குச் சில வாரக் குளிர் தேவை. இங்கு அது கிடைக்காமையால் பூ அரிதாகவும் சிறுத்தும் வரலாம், அதை வைத்து வகை சொல்ல முடியாது. சுண்ணாம்பு மிகுந்த நீரூற்றினால் இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அது இரும்புச்சத்துக் குறைபாடே, வகையின் இயல்பன்று. யாழ்ப்பாணத்துக்குக் கன்று அனுப்ப எண்ணுவோர் இதைக் கவனிக்க. ரியூக்கியூத் தீவுகளின் ஸ்காப்ரம் இனமும் அதன் வழிவந்த ஹிராடோ வகைகளும் வெப்பத்தை ஓரளவு தாங்குவதால், கீழ்நாட்டுச் சாடிக்கு அவற்றையே நான் விரும்புவேன்.

எல்லாம் பார்த்த பின்னும் உறுதி வராவிட்டால் சீட்டில் வகைப்பெயர் எழுத வேண்டாம். "குரூமே குலம், கிரினை ஒத்தது, கேசரம் 5, புல்லி இதழானது" என்று கண்டதை மட்டும் எழுதி, கன்று பெறப்பட்ட தோட்டத்தையும் ஆண்டையும் கீழே குறியுங்கள். பென்சிலால் எழுதினால் மழையில் கரையாது.