‘முற்றிலும் குணம்’ என்று நோட்டீஸ் வந்தால் புகார் எழுதுவது எப்படி?

எங்கள் நுகர்வோர் சங்கத்துக்கு வரும் விளம்பரங்களில் என்னால் பொறுக்கவே முடியாதது, பேப்பருக்குள் வைத்து வரும் மருந்து நோட்டீஸ். ‘48 நாளில் சர்க்கரை நோய் முற்றிலும் குணம்! இனி மாத்திரை வேண்டாம்!*’ இதை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்கள் வீட்டில் இருந்தால் முதலில் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். புகாரை நாளைக்கு எழுதலாம்.

நோட்டீஸைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுதான் சாட்சி. எந்தத் தேதி, எந்தப் பேப்பரோடு வந்தது என்று பின்பக்கம் குறித்து வையுங்கள். செல்போனில் வந்ததென்றால் பக்கத்தின் பெயரும் தேதியும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அன்றைக்கே எடுங்கள், பிறகு தேடினால் கிடைக்காது.

அடுத்து அந்த நட்சத்திரக் குறியைப் பாருங்கள். நோட்டீஸின் அடியில், அச்சகத்தின் பெயருக்குப் பக்கத்தில், எறும்பு மாதிரி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும்: பலன் ஆளுக்கு ஆள் மாறுமாம். தமிழில் ஆசை காட்டிவிட்டு ஆங்கிலத்தில் கைகழுவுவது, மத்திய அரசு 2022-இல் கொண்டுவந்த வழிகாட்டு நெறிமுறைகளுக்கு விரோதம். உறுதி எந்த மொழியிலோ, நிபந்தனையும் அதே மொழியில் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். இதைப் புகாரில் தனியாக எழுதுங்கள்.

‘மோசடிப் பேர்வழிகள்’ என்று திட்டி எழுதினால் அதிகாரிக்கு அதில் பிடிமானம் இல்லை. விளம்பர வாசகத்தை எழுத்து மாறாமல் எடுத்து எழுதுங்கள். நான் எழுதித் தருவது இப்படி:

“இணைத்துள்ள நோட்டீஸ் இன்ன தேதியில் எங்கள் தெருவில் வந்தது. அதில் ‘சர்க்கரை நோய் முற்றிலும் குணம்’ என்று உள்ளது. நீரிழிவைக் குணப்படுத்துவதாக மருந்தை விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டப்படி குற்றம். நடவடிக்கை எடுக்கக் கோருகிறேன்.”

இந்தச் சட்டத்தில் ஒரு பெரிய அனுகூலம்: மருந்து பலிக்கவில்லை என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. அட்டவணையில் உள்ள நோய்க்கு அப்படி விளம்பரம் செய்ததே குற்றம். நீரிழிவும் புற்றுநோயும் அதில் உண்டு.

மனுவைக் கலெக்டரிடமே கொடுக்கலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அதற்கு வழி செய்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஒரு நகல் மருந்து ஆய்வாளருக்கு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. விளம்பரத்தில் வந்து பரிந்துரைக்கும் நடிகருக்கும் அது பொருந்தும்.

டிவி, பத்திரிகை, இணைய விளம்பரம் என்றால் மும்பையில் உள்ள ஆஸ்கிக்கும் (ASCI, இந்திய விளம்பரத் தரக் கவுன்சில்) இலவசமாகப் புகார் அனுப்பலாம். விளம்பரத் துறையினரே 1985-இல் தொடங்கிய சுயக் கட்டுப்பாட்டு அமைப்பு அது. விளம்பரத்தை நிறுத்தவோ திருத்தவோ சொல்லும், அபராதம் போடாது. எழுதத் தயங்குபவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்து தமிழிலேயே பேசலாம்.

கொடுத்த பணம் திரும்ப வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் ரூபாய் வரை மனுக் கட்டணம் கிடையாது. பில் தராமல் ஜிபேயில் வாங்கியிருந்தால் அந்தப் பரிவர்த்தனையின் ஸ்கிரீன்ஷாட்டையும், மருந்து டப்பாவின் லேபிள் படத்தையும் மனுவோடு இணையுங்கள்.