ஆறு ஜோ அறையில் குடித்தனம்: டோக்கியோவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

டோக்கியோவில் நம்மவர்கள் நிறைய இருக்கும் நிஷிகசாயில் வீடு கிடைத்துவிட்டது, சாவியும் வாங்கியாச்சு என்று யார் சொன்னாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: முதல் மாதம் கட்டில் வாங்காதீர்கள். சோபாவும் வேண்டாம், டைனிங் டேபிளும் வேண்டாம். வெறும் தரையில் ஒரு மாதம் இருந்து பாருங்கள்.

வீட்டு விளம்பரத்தில் 1கே என்று போட்டிருந்தால் ஓர் அறை, அதையொட்டித் தனியாக ஒரு சின்னச் சமையலிடம் என்று பொருள். அறையின் அளவை ஜோ கணக்கில் சொல்வார்கள். ஒரு ஜோ என்பது ஒரு தத்தாமிப் பாயின் அளவு. விளம்பரத்தில் அது 1.62 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. ஆறு ஜோ என்றால் நம் கணக்கில் ஏறக்குறைய 105 சதுர அடி. அதில் ஒரு டபுள் கட்டிலைப் போட்டால் கால்வாசிக்கு மேல் போய்விடும். மிச்சம் இருப்பது கட்டிலைச் சுற்றி நடக்கிற வழிதான்.

இந்த ஊர் வீட்டில் இரவு படுக்கிற தரையிலேதான் பகலில் சாப்பாடும் வேலையும். நமக்கு இது புதிதில்லை. நம் ஊரில் விடிந்ததும் பாயைச் சுருட்டி மூலையில் சாத்தினால் அதே கூடத்தில் இலை போடுவார்கள், பிள்ளைகள் படிப்பார்கள். அப்படி வளர்ந்தவர்களே இங்கே வந்ததும் கட்டில் கடைக்கு ஓடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

கட்டிலுக்குப் பதில், தரையில் விரித்துப் படுக்கிற மடக்கு மெத்தையான ஃபுட்டான் வாங்குங்கள். ஒற்றை ஃபுட்டான் ஒரு மீட்டர் அகலம், இரண்டு மீட்டருக்குச் சற்று மேல் நீளம். காலையில் மூன்றாக மடித்து அலமாரியில் வைத்துவிட வேண்டும். பழைய வீடுகளில் இதற்கென்றே ஓஷிஇரே என்ற ஆழமான அலமாரி உண்டு; நடுவில் ஒரு தட்டு, மேலே படுக்கை, கீழே பெட்டிகள். நம் பரண் கண்மட்டத்துக்கு இறங்கி வந்தது போல இருக்கும். புதுக் கட்டடங்களில் வைக்கிற கிளாசெட் பெரும்பாலும் 60 சென்டிமீட்டர் ஆழம்தான். மூன்றாக மடித்த ஃபுட்டான் 70 சென்டிமீட்டர் வரும், கதவு மூடாது. அதனால் வீடு பார்க்கப் போகும்போதே அந்த ஆழத்தை அளந்துவிடுங்கள்.

ஃபுட்டானை மரத்தரையில் நேராக விரிக்காதீர்கள். உடம்பின் வியர்வை கீழே இறங்கி, குளிர்ந்த தரையைத் தொட்டு ஈரமாக நிற்கும். ஜூன், ஜூலை மழைக்காலத்தில் சில நாளிலேயே அடிப்பக்கம் கறுப்புப் புள்ளி போடும். முதல் வருடம் எனக்கு ஒரு மெத்தை அப்படியே போயிற்று. சுனோகோ என்று மரச்சட்டம் அடித்த பலகை விற்கிறார்கள். அதை அடியில் போட்டால் காற்று ஓடும். இரண்டாக மடிகிற சுனோகோவாக வாங்கினால் மழை நாளில் கூடாரம் போல நிறுத்தி, அதன் மேலேயே ஃபுட்டானை உலர்த்தலாம்.

சுவரைத் தொடும்போது கவனம் வேண்டும். காலி செய்யும்போது வீட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவில் ஒரு பங்கு உங்கள் தலையில் விழும். காலண்டர் மாட்டிய குண்டூசித் துளையைச் சாதாரணத் தேய்மானமாக எடுத்துக்கொள்வார்கள். ஆணியும் திருகாணியும் அடித்த துளைக்கு முன்பணத்தில் பிடிப்பார்கள். இதற்கு இந்த ஊர்க்காரர்கள் கண்ட வழி ஸுப்பாரி போ. இரண்டு சுவருக்கு நடுவே முட்டுக்கொடுத்து நிற்கிற கம்பி அது. நூறு யென் கடையிலேயே கிடைக்கும். நம்மவர்கள் பலர் கம்பியை இடத்தில் வைத்துக்கொண்டே திருகுவார்கள், ராத்திரி துணியோடு விழுந்து கிடக்கும். ஸ்பிரிங் உள்ள கம்பியை முதலில் வெளியிலேயே, இடைவெளியைவிட ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளமாகத் திருகி வையுங்கள். பிறகு ஒரு முனையைச் சுவரில் ஊன்றி, மறுமுனையை அமுக்கி உள்ளே நுழைத்துவிடுங்கள். விட்டதும் இறுகிக்கொள்ளும். சுவரைத் தட்டிப் பார்த்து டொப்டொப் என்று வெற்றொலி கேட்கிற இடத்தைத் தவிருங்கள். அங்கே பின்னால் மரம் இல்லை, வெறும் ஜிப்சம் பலகைதான். நீளம் கூடக்கூடக் கம்பி தாங்கும் எடை குறையும்.

குளியலறையில் கம்பியே வேண்டாம். தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பொருத்துகிற யூனிட் பாத் 1964 ஒலிம்பிக்ஸுக்காக நியூ ஒட்டானி ஹோட்டலை அவசரமாகக் கட்டியபோது பேர் பெற்றது. இன்று பெரும்பாலான வீடுகளில் அதுதான். பல யூனிட் பாத்களின் சுவருக்குள் இரும்புத் தகடு இருக்கிறது. ஃபிரிட்ஜ் காந்தம் ஒன்றைக் கொண்டுபோய் ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் சோப்புத் தட்டு, மக் மாட்டும் கொக்கி எல்லாவற்றையும் காந்தத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.

சமையலிடம்தான் நம்மைச் சோதிக்கும். ஒற்றை அடுப்பு, சிங்க், நடுவே ஒரு தட்டு வைக்கவும் இடமிராது. சிங்க்கின் மேல் விரித்து, வேலை முடிந்ததும் பாய் போலச் சுருட்டுகிற கம்பித் தட்டு ஒன்று வாங்குங்கள். காய் நறுக்கும் பலகை அதன் மேல் உட்காரும், கழுவிய பாத்திரமும் அங்கேயே வடியும். ஊரிலிருந்து மிக்ஸியைத் தூக்கி வராதீர்கள். இங்கே மின்சாரம் 100 வோல்ட். அதற்கென்று வாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் மிக்ஸியைவிட அதிக இடத்தை அடைக்கும். அமெரிக்காவுக்காகச் செய்த 110 வோல்ட் மிக்ஸி இங்கே சற்று மெதுவாக ஓடும், சட்னிக்குப் போதும். இட்லிப் பானைக்குப் பதில் குக்கருக்குள் நிற்கிற இட்லி ஸ்டாண்ட் கொண்டுவாருங்கள்.

குளிருக்கு, அடியில் ஹீட்டர் வைத்துப் போர்வை போர்த்திய தாழ்மேசையான கோதாட்சு ஒன்று வாங்கினால் மேசையும் ஹீட்டரும் ஒன்றாகிவிடும். கோடையில் போர்வையை எடுத்துவிட்டால் வெறும் தாழ்மேசை.

உயரமான அலமாரி வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அது விழக்கூடிய பக்கம் உங்கள் தலையோ வாசலோ இருக்கக் கூடாது. இது நிலநடுக்க ஊர். அலமாரிக்கும் கூரைக்கும் நடுவே முட்டுக்கொடுக்கும் கம்பிகளை முதல் நாளே போட்டுவிடுங்கள், அடுத்த வாரம் என்று தள்ளாதீர்கள்.

வேண்டாத சாமானைத் தெருவில் வைத்துவிட்டுப் போகவும் முடியாது. 30 சென்டிமீட்டரைத் தாண்டிய பொருள் சொதாய் கோமி, பெரிய குப்பை. முன்பதிவு செய்து, கடையில் ஸ்டிக்கர் வாங்கி ஒட்டி, சொன்ன நாள் காலையில்தான் வைக்க வேண்டும். ஊர் திரும்பும் வாரத்தில் இதற்கு நாள் கிடைக்காமல் தவித்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். குறைந்தது ஒரு மாதம் முன்பே பதிவு செய்யுங்கள்.