முதல் மாடலிங் வேலையை ஒப்புக்கொள்வது எப்படி: துணிக்கடை விளம்பரத்துக்கு வரும் புதியவர்களுக்கு

மாடலிங் என்றதும் ஒளிவெள்ளத்தில் மேடையில் நடந்து வருவதையே பலரும் நினைக்கிறார்கள். சென்னையில் இத்தொழிலுக்கு வருபவர்கள் பலருக்கு முதலில் அமைவதோ, ஜவுளிக்கடையின் சேலைப் படப்பிடிப்புதான். ஏழாண்டுகள் அந்த வேலையைச் செய்தவள் என்ற முறையில், முதல் அழைப்பு வருவதிலிருந்து பணம் கைக்கு வருவதுவரை செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: படங்களையும் அளவுகளையும் தயார் செய்யுங்கள்

தேர்வு செய்பவர் முதலில் கேட்பது அலங்காரமில்லாத படங்களை. ஜன்னல் வெளிச்சம் விழும் வெறுஞ்சுவரின் முன், உடலோடு ஒட்டிய எளிய உடையில், ஒப்பனையின்றி, தலைமுடியை விரித்தும் கட்டியும், நேராகவும் பக்கவாட்டிலும் முழு உயரத்திலும் எடுத்த கைப்பேசிப் படங்களே போதும். உயரம், மார்பு, இடை, இடுப்பு, காலணி அளவுகளை டேப்பால் அளந்து உள்ளபடியே எழுதுங்கள். கூட்டியோ குறைத்தோ சொன்னால், உங்களுக்கென்று தைத்து வைத்த ரவிக்கை அன்றைக்குப் பொருந்தாமல் எல்லோருடைய அரைநாளும் வீணாகும். மேடை நடைக்குப் பெண்களிடம் 5 அடி 7 அங்குலமாவது பெரும்பாலும் எதிர்பார்க்கப்படுகிறது. சேலை விளம்பரத்துக்கு அந்தக் கண்டிப்பு இல்லை. குதிகால் உயர்ந்த செருப்பைக் கொசுவம் மறைத்துவிடும்.

பதிவுக் கட்டணம் கட்டு, எங்கள் போட்டோகிராஃபரிடம்தான் போர்ட்ஃபோலியோ (வாய்ப்புக் கேட்கக் காட்டும் படத் தொகுப்பு) எடுக்க வேண்டும் என்று சொல்பவரிடமிருந்து விலகிவிடுங்கள். மாடல்களுக்கு வேலை பிடித்துத்தரும் நேர்மையான ஏஜென்சிக்கு வருமானம் உங்கள் சம்பளத்தில் எடுக்கும் கமிஷனிலிருந்து வருகிறது; உங்களிடம் முன்பணம் வாங்குபவருக்கு உங்களுக்கு வேலை தேடித்தரும் அவசியமே இல்லை.

படி 2: அழைத்தவரை விசாரியுங்கள்

எந்தக் கடைக்காக, எங்கே, என்ன உடைகள், உடை மாற்றத் தனி அறை உண்டா என்ற நான்கையும் முன்னதாகவே கேளுங்கள். முதல் சில வேலைகளுக்கு அம்மாவையோ தோழியையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். அதற்கு மறுப்பவரின் வேலையை விட்டுவிடுவதில் நட்டமில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஒருநாள் வேலைக்கு வந்தவருக்கும் பொருந்தும். நிறுவனத்துக்குள் புகார்க் குழு இல்லாவிட்டால், மாவட்ட அளவிலான குழுவிடம் மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் புகார் தரலாம்.

படி 3: படத்தின் ஆயுளை எழுத்தில் வாங்குங்கள்

புதியவர்கள் மிக அதிகமாக இழப்பது இங்கேதான். ஒருநாள் சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு, அந்தப் படம் எங்கெல்லாம், எத்தனை நாள் இருக்கும் என்பதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர் அப்படிச் சொன்னவரே. படத்தில் இருப்பவர் என்பதால் மட்டும் உங்களுக்கு அதில் உரிமை வந்துவிடாது. ஒரு தீபாவளிக்காக நான் ஒருநாள் சம்பளத்துக்குக் கொடுத்த முகம், மூன்றாவது தீபாவளியிலும் வேறோர் ஊரின் பேருந்து நிலையத்துக்கு எதிரே விளம்பரப் பலகையில் நின்றது. அதற்காக எனக்கு ஒரு ரூபாயும் வரவில்லை. அந்தப் பலகையைக் காரணம் காட்டி இன்னொரு கடை என்னை வேண்டாமென்றும் சொல்லிவிட்டது.

எனவே நாளிதழ், பலகை, இணையம், தொலைக்காட்சி ஆகியவற்றில் எவற்றுக்கு அனுமதி, எந்த ஊர்களில், எந்தத் தேதிவரை, நீட்டித்தால் எவ்வளவு என்பவற்றை ஒரு பக்கத்துக்குள் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். ஒப்பந்தத்தாள் தர மறுத்தால், இதே விவரங்களை வாட்ஸாப்பில் அனுப்பி, "சரி" என்ற பதிலையாவது வாங்கி வையுங்கள். உங்கள் முகத்தைக் கணினியில் உருவாக்கி வேறு சேலைகளைப் போர்த்தக் கூடாது என்றும் ஒரு வரி சேருங்கள். நியூயார்க்கில் 2025 ஜூன் 19 முதல் நடைமுறையில் உள்ள சட்டம் இதற்கென்று மாடலின் தெளிவான எழுத்துச் சம்மதத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இங்கே அப்படியொரு தனிச்சட்டம் இல்லாததால், அந்த வரியை நீங்களேதான் எழுதியாக வேண்டும்.

படி 4: படப்பிடிப்பு நாளுக்கு உடலைத் தயார் செய்யுங்கள்

காலை ஆறு மணிக்கு மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்தால், எழுந்து வீடு திரும்ப இரவாகிவிடும். கடையின் சேலைகளை ஒவ்வொன்றாகக் காட்டும் கேட்டலாக் வேலையில் ஒரே நாளில் முப்பது சேலைகளுக்குமேல் மாற்றியிருக்கிறேன். ஒவ்வொன்றையும் கட்டிவிடுபவர் கொசுவம் பிடித்து, பின்புறம் ஊக்குகளைக் குத்தி, முந்தானையை விரித்துவிடும்வரை அசையாமல் நிற்க வேண்டும். அந்தச் சேலைகள் மறுநாள் விற்பனைக்குத் திரும்பிப் போகின்றன என்பதால், வாசனைத் திரவியம் பூசாமலும், உதட்டுச்சாயம் படாமலும், வேர்வை இறங்காமலும் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. தோல் நிறத்தில் உள்ளாடை, தட்டையான செருப்பு, ஊக்குகள், உலர் திராட்சை, தண்ணீர் ஆகியவற்றை நீங்களே கொண்டுபோங்கள்.

பத்து நாளில் ஐந்து கிலோ குறைத்துவிட்டு வா என்று எவரேனும் சொன்னால், தயவுசெய்து கேட்காதீர்கள். 2006இல் உருகுவே மாடல் லூயிசெல் ராமோஸ் 22 வயதிலும், பிரேசில் மாடல் ஆனா கரோலினா ரெஸ்டன் 21 வயதிலும், உணவை அளவுக்கு மீறிக் குறைத்ததால் இறந்துபோனார்கள். உடலை இவ்வாறு வருத்துவது உயிரைக் குடிக்கும் என்பதை உலகம் அதன் பிறகு உரக்கப் பேசத் தொடங்கியது. பிரான்சில் 2017 முதல் மாடல்கள் உடல்நலம் குறித்து மருத்துவச் சான்று பெற வேண்டும். நிறத்தைக் காரணம் காட்டி வேண்டாமென்பவர்களையும் நீங்கள் சந்திப்பீர்கள். அது அவர்களுடைய குறையே அன்றி, உங்களிடம் திருத்த வேண்டியதாக ஒன்றுமில்லை.

படி 5: பணத்தை வாங்குங்கள்

அன்று மாலையே இன்வாய்ஸை (சம்பளம் கேட்கும் பில்லை) அனுப்பிவிடுங்கள்; பான் எண்ணும் வங்கிக் கணக்கு விவரமும் அதில் இருக்கட்டும். அறுபது, தொண்ணூறு நாள் காத்திருப்பது இத்துறையில் சாதாரணமாகிவிட்டதால், பாதித் தொகையையாவது அட்வான்ஸாகக் கேளுங்கள். வரி பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பினால், பிடித்த தொகை உங்கள் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பார்த்து, ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது அதைக் கணக்கில் காட்டுங்கள்.

கடைசியாக, ஒப்பந்தத்தில் உள்ள முடிவுத் தேதியைக் கைப்பேசி நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அதற்கு மறுநாள் அந்தக் கடை வழியே ஒருமுறை நடந்து பாருங்கள். பலகையில் உங்கள் முகம் இன்னும் இருந்தால், தேதி தெரியும்படி படம் எடுத்து, நீட்டிப்புக் கட்டணத்துக்கான இன்வாய்ஸோடு அன்றே அனுப்பிவிடுங்கள்.