வெளிநாட்டு இசை நிகழ்ச்சிக்குப் புறப்படும் நெல்லை ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பார்க்கப் போன கோயிலோ அருங்காட்சியகமோ இன்று பூட்டியிருந்தால் நாளை போய்ப் பார்த்துக்கொள்ளலாம். இசைக்குழுவின் நிகழ்ச்சிக்கு அந்த ‘நாளை’ கிடையாது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் சுற்றுலா போய்வந்த குடும்பங்கள் ஏராளம், அவர்களுடைய அனுபவத்தை நம்பித்தான் இளைஞர்கள் பலரும் தங்கள் விருப்பமான குழுவைக் காணப் புறப்படுகிறார்கள். ஆனால் சுற்றுலாவில் ஒரு நாள் தவறினால் மிச்ச நாள்கள் இருக்கும். இங்கே குறிப்பிட்ட ஒரு மாலையின் இரண்டு மூன்று மணி நேரத்துக்காகவே மொத்தச் செலவும் செய்யப்படுகிறது. ஆகையால் ஒவ்வொரு முடிவையும் எடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, இது எவ்வளவு மலிவு என்பதன்று, இது அந்த மாலையைப் பாதுகாக்கிறதா என்பதே. நிகழ்ச்சியைத் தவறவிடுவோரில் பெரும்பாலோர் அரங்க வாசலில் தவறவிடுவதில்லை. ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே செய்த பிழைகளால் தவறவிடுகிறார்கள்.

அவற்றுள் முதன்மையானது, பாஸ்போர்ட்டைக் கையில் வாங்காமலே நிகழ்ச்சிச் சீட்டை வாங்கிவிடுவது. திருநெல்வேலியிலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருப்பதால் எல்லாம் ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். இந்த மையம் மதுரை மண்டல அலுவலகத்தின் கீழ் இயங்குகிறது. நேர்காணலுக்குப் பின் காவல்துறைச் சரிபார்ப்பும் உண்டு. பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர் தென்காசி வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டு, விசாரணைக்கு வரும் நாளில் அங்கே இல்லாமற் போனால் தாமதம் தொடங்கிவிடும். பழைய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும். நாட்டுக்குள் நுழையும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும் என்பது தென்கிழக்கு ஆசிய நாடுகள் பலவற்றின் விதி.

அடுத்தது பெயர். நம் பக்கத்தில் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே நமக்குப் போதும். ஆகவே பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டம் வெறுமையாக இருக்கிறது, சிலருடையதில் தந்தை பெயர் அங்கே ஏறியிருக்கிறது. இசக்கியம்மாள், சுடலைமுத்து போன்ற பெயர்கள் ஆதாரில் ஒரு விதமாகவும் பாஸ்போர்ட்டில் வேறு விதமாகவும் ஆங்கில எழுத்தில் பதிவாகியிருப்பது மிகச் சாதாரணம். விமானச் சீட்டு, விசா, நிகழ்ச்சிச் சீட்டு ஆகிய மூன்றும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளையே எழுத்து மாறாமல் பின்பற்ற வேண்டும். குடும்பப் பெயர் இல்லாதவர்கள் அந்தக் கட்டத்தில் எதை நிரப்புவது என்பதில் விமான நிறுவனத்துக்கு நிறுவனம் வழக்கம் மாறுபடுவதால், பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது. கோல்ட்ப்ளே குழு 2025 ஜனவரியில் அபுதாபியில் நான்கு இரவுகள் வாசித்ததிலிருந்து ஐக்கிய அமீரகத்தையும் ரசிகர்கள் எண்ணிப் பார்க்கிறார்கள். ஆனால் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா இல்லை என்று அந்நாடு 2022 நவம்பரில் அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்ற விளக்கம் அதன் பின்னரே வந்தது. கொரிய நிகழ்ச்சிகளில் வெளிநாட்டு ரசிகர்கள் பாஸ்போர்ட்டின் அசலைக் காட்டித்தான் சீட்டைப் பெற வேண்டியிருக்கும். அங்கே போய், வேறு பெயரில் இருப்பதும் நான்தான் என்று விளக்கி நுழைய முடியாது.

விசாவைப் பற்றிக் கேள்விப்பட்டதை நம்புவதும் தவறு. மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு விசா விலக்கு அளித்து, அதை 2026 இறுதி வரை நீட்டித்திருக்கிறது. சிங்கப்பூருக்கோ விசா கட்டாயம், அதுவும் அங்கீகாரம் பெற்ற முகவர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு நாடுகளுக்குமே பயணத்துக்கு முந்தைய 3 நாள்களுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அது முற்றிலும் இலவசம், அதற்குக் கட்டணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அன்று. ஒரே விசாவை ஏற்கும் ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறையாமல் விண்ணப்பித்தாக வேண்டும். கைரேகை பதிய நேரில் சென்னைக்கோ வேறு மையத்துக்கோ போய்வருவதையும், அதன் பின் முடிவு வரும் வரை பாஸ்போர்ட் கையை விட்டுப் போய்விடுவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மாணவர்கள் செய்யும் தனித் தவறு ஒன்று உண்டு. விசாவுக்கு வங்கிக் கணக்கு விவரம் கேட்பார்கள் என்று தெரிந்ததும், சித்தப்பாவிடமும் மாமாவிடமும் பணம் வாங்கி விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் மொத்தமாகக் கணக்கில் போடுகிறார்கள். விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரிக்கு அது ஐயத்தையே உண்டாக்கும். தந்தையோ தாயோ செலவை ஏற்பதாகக் கையொப்பமிட்ட கடிதமும், அவர்களுடைய சில மாதக் கணக்கு விவரமும், கல்லூரியிலிருந்து ஒரு சான்றும் அதைவிட வலுவானவை. அதற்கு வீட்டில் முதலிலேயே பேச வேண்டும். 2024 தொடக்கத்தில் கரூர் மாவட்டத்துச் சிறுமியர் மூவர் பி.டி.எஸ். குழுவைக் காணக் கொரியாவுக்குப் போவதாகச் சொல்லாமல் கிளம்பி, காட்பாடியில் மீட்கப்பட்ட செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. பலர் அதைப் படித்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. அந்த வயதில் அவ்வளவு ஆசைப்பட்ட பிள்ளைகளுக்கு, பாஸ்போர்ட், விசா, செலவு என்று உட்கார்ந்து விளக்கிச் சொல்ல ஒருவர் இல்லை என்பதுதான் அதிலே எனக்குத் தெரிந்தது. பிள்ளைகளின் விருப்பத்தைப் பெற்றோர் பைத்தியம் என்று ஒதுக்குவதும் தவிர்க்க வேண்டிய தவறுகளில் ஒன்றே.

சீட்டு விற்பனை தொடங்கும் நேரத்தை இந்திய நேரமாக எண்ணிக்கொண்டு உட்கார்ந்தால் வரிசை முடிந்துபோயிருக்கும். சிங்கப்பூரில் காலை 10 மணி என்றால் நமக்குக் காலை 7.30, சியோலில் 10 மணி என்றால் நமக்கு 6.30. லண்டன் கோடைக்காலத்தில் நம்மைவிட நாலரை மணி நேரமும் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமும் பின்தங்கியிருக்கும். நேரம் சரியாக இருந்தும் பணம் செலுத்தும் கட்டத்தில் அட்டை மறுக்கப்படுவதுண்டு. ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 அக்டோபர் முதல் புதிய அட்டைகள் வெளிநாட்டுப் பரிவர்த்தனை முடக்கப்பட்ட நிலையிலேயே கைக்கு வருகின்றன. வங்கிச் செயலியில் அதை நாமே திறந்து, உச்சவரம்பையும் உயர்த்தி வைக்க வேண்டும். விற்பனைக்கு முந்தைய நாளே இதைச் செய்து, வேறொரு வங்கியின் அட்டையையும் ஆயத்தமாக வைத்துக்கொள்வது நல்லது. அறிவிக்கப்பட்ட விலையின் மேல் அந்நியச் செலாவணிக் கட்டணமும் ஏறும் என்பதால், சீட்டின் விலையை இன்றைய மாற்று விகிதத்தால் பெருக்கிப் பார்த்துவிட்டுக் கணக்கு முடிந்தது என்று எண்ணக் கூடாது.

சீட்டு கிடைக்காதவர்கள் மறுவிற்பனைக்குப் போகிறார்கள். டெலிகிராம் குழுவில் முகம் தெரியாதவர் அனுப்பும் சீட்டின் படத்துக்குப் பணம் அனுப்புவது அறவே கூடாது. இன்று பல செயலிகளில் நுழைவுக் குறியீடு சில நொடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். அதைப் படமெடுத்து அனுப்பினால் வாசலில் செல்லாது. ஜப்பானில் பெயர் பதிந்த சீட்டைக் கூடுதல் விலைக்கு மறுவிற்பனை செய்வதைத் தடுக்கும் சட்டமே 2019 முதல் நடைமுறையில் உள்ளது. குழுவோ அரங்கமோ அறிவித்த அதிகாரபூர்வ மறுவிற்பனை வழி இருந்தால் அதில் காத்திருக்கலாம். இல்லையென்றால் அந்தப் பயணத்தைக் கைவிட்டு, சுற்றுப்பயணத்தின் மற்ற ஊர்களைப் பார்ப்பதே மேல்.

இனி, நெல்லைக்காரர்கள் அதிகம் சறுக்கும் இடத்துக்கு வருவோம்: விமான நிலையம் வரையிலான பாதை. நமக்கு அருகிலுள்ள வாகைக்குளம் நிலையத்தில் உள்நாட்டு விமானங்களே உள்ளன. வெளிநாட்டுக்குத் திருவனந்தபுரம், மதுரை, திருச்சி, சென்னை ஆகியவற்றுள் ஒன்றுக்குப் போயாக வேண்டும். வாகைக்குளத்திலிருந்து சென்னைக்கு ஒரு சீட்டும், சென்னையிலிருந்து வெளிநாட்டுக்கு வேறு நிறுவனத்தில் தனிச் சீட்டும் எடுத்து, இடையில் மூன்று மணி நேரம் வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாம் நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. இரண்டும் ஒரே முன்பதிவில் இருந்தால் மட்டுமே அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் கடமை அவர்களுக்கு உண்டு. என் கருத்தில், தனித்தனிச் சீட்டு எடுப்பவர்கள் நெல்லை எக்ஸ்பிரஸில் முந்தைய இரவே ஏறி, காலையில் எழும்பூரில் இறங்கி, அங்கிருந்து மின்சார ரயிலில் விமான நிலையத்தை ஒட்டிய திரிசூலம் நிலையத்துக்குப் போய், இரவு விமானத்தைப் பிடிப்பதே அமைதியான வழி.

தென்காசி, செங்கோட்டை, வள்ளியூர்ப் பக்கத்தவர்களுக்குத் திருவனந்தபுரம்தான் வசதி. ஆனால் பத்மநாபசுவாமி கோயிலின் ஆறாட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும் வழி அந்த விமான நிலையத்தின் ஓடுபாதையைக் கடக்கிறது. ஆண்டுக்கு இருமுறை, பங்குனித் திருவிழாவிலும் ஐப்பசித் திருவிழாவிலும், அன்று மாலை சில மணி நேரம் ஓடுபாதை மூடப்பட்டு விமான நேரங்கள் மாற்றப்படும். முன்பே அறிவிக்கப்படும் மாற்றம்தான், எனினும் பயணத் தேதியைத் தேர்ந்தெடுக்கும்போதே திருவிழா நாளையும் பார்த்துக்கொண்டால் கடைசி நேரக் குழப்பம் இல்லை.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. பெய்தது, தாமிரபரணி கரை கடந்தது, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி நின்றது. அந்த வாரத்தில் ஒருவருக்குச் சிங்கப்பூரில் நிகழ்ச்சி இருந்திருந்தால், நிகழ்ச்சி நாளன்று காலையில் போய் இறங்கும் திட்டம் என்னவாகியிருக்கும்? அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நிகழ்ச்சி நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவும், மற்ற மாதங்களில் ஒரு முழு நாள் முன்னதாகவும் அந்த ஊரில் இருப்பதுபோலத் திட்டமிடுங்கள். கூடுதல் இரவுக்கான வாடகை வீண் செலவு ஆகாது.

தங்குமிடத்தைப் பொறுத்தவரை, நிகழ்ச்சித் தேதி அறிவிக்கப்பட்டவுடனே ரத்து செய்யக்கூடிய அறையைப் பதிவு செய்துவிட்டு, சீட்டு கிடைத்த பிறகு உறுதிசெய்வதே சரியான வரிசை. சிங்கப்பூர் தேசிய அரங்கில் 2024 ஜனவரியில் கோல்ட்ப்ளேயும் மார்ச்சில் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட்டும் ஆளுக்கு ஆறு இரவுகள் நிகழ்ச்சி நடத்தினார்கள். ஓர் இரவுக்கு ஐம்பதாயிரம் பேர் கூடும் அரங்கு அது. அத்தகைய நாள்களில் அறை வாடகை ஏறாமல் இருக்காது. சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரத்தில் உள்ள தேக்காவில் தங்கினால் நம் சாப்பாடு கிடைக்கும், அரங்குக்கும் ரயில் உண்டு: லிட்டில் இந்தியாவில் ஏறி, புரோமனாடில் வட்டப் பாதை ரயிலுக்கு மாறி, ஸ்டேடியம் நிலையத்தில் இறங்கலாம். கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில் அரங்குக்கும் அதே பெயரில் ரயில் நிலையம் இருக்கிறது. ஆனால் இரண்டு ஊர்களிலும் நள்ளிரவை ஒட்டி ரயில் நின்றுவிடும். கடைசி ரயிலின் நேரத்தை முன்பே பார்க்காதவர்கள், கடைசிப் பாட்டு முடிந்து வெளியே வரும்போது வாடகைக் கார் கேட்டு நிற்கும் ஆயிரக்கணக்கானோரில் ஒருவராகிவிடுவார்கள்.

நிகழ்ச்சியே ரத்தானால் என்ன செய்வது என்று யோசிக்காமல் போவதும் தவறு. 2024 ஆகஸ்டில் வியன்னாவில் டெய்லர் ஸ்விஃப்ட் நடத்தவிருந்த மூன்று நிகழ்ச்சிகளும், தாக்குதல் சதி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டதால் தொடக்கத்துக்கு முந்தைய நாள் ரத்து செய்யப்பட்டன. கோலாலம்பூருக்கு அருகே 2023 ஜூலையில் நடந்த ஓர் இசை விழா, முதல் நாள் மேடையில் நடந்த செயலுக்காக அரசு உத்தரவால் பாதியில் நிறுத்தப்பட்டது. ரத்தானால் சீட்டுப் பணம் திரும்பக்கூடும். விமானத்துக்கும் அறைக்கும் கட்டிய பணத்தை அமைப்பாளர்கள் தர மாட்டார்கள். பயணக் காப்பீடு எடுப்பவர்கள் நிகழ்ச்சி ரத்து அதில் அடங்குகிறதா என்று நிபந்தனைகளில் தேடிப் பார்க்க வேண்டும், பெரும்பாலும் அடங்குவதில்லை.

பெட்டி கட்டுவதில் சொல்ல வேண்டியவை சில. பவர்பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. நிகழ்ச்சியில் கையில் பிடித்து அசைக்கும், மின்கலம் உள்ள ரசிகர் விளக்கையும் கைப்பையில் வைப்பதே நல்லது. வீட்டில் அம்மா கட்டிக்கொடுக்கும் பொடிகளில் கசகசா இருந்தால் அமீரகத்துக்குக் கொண்டுபோகக் கூடாது, அங்கே அது தடைசெய்யப்பட்ட பொருள். சிங்கப்பூருக்குள் சூயிங்கமும் மின் சிகரெட்டும் கொண்டுசெல்வது குற்றம். அரங்கத்துக்குள் அனுமதிக்கப்படும் பையின் அளவை அமைப்பாளர் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

காதுகளை மறந்துவிடுகிறார்கள். 85 டெசிபல் ஒலியை 8 மணி நேரம் கேட்கலாம் என்றால், 100 டெசிபல் ஒலியைக் கேட்கும் பாதுகாப்பான அளவு ஏறத்தாழ 15 நிமிடமே. ஒலிபெருக்கிகளுக்கு அருகே நிற்கும் ரசிகர் அதை மணிக்கணக்கில் கேட்கிறார். காதடைப்பான் அணிந்தால் இசை கெட்டுவிடும் என்பது தவறான எண்ணம். இசை நிகழ்ச்சிக்கென்றே செய்யப்பட்டவை ஒலியின் தன்மையை மாற்றாமல் அளவை மட்டும் குறைக்கும். முன்வரிசைக்காகக் காலையிலிருந்து சாப்பிடாமலும் தண்ணீர் குடிக்காமலும் வரிசையில் நின்று, நிகழ்ச்சி தொடங்கியதும் மயங்கி விழுவோரை மருத்துவக் குழுவினர் வெளியே தூக்கிச் செல்வது எல்லா ஊர்களிலும் நடக்கிறது.

திரும்பும் விமானத்தை மறுநாள் அதிகாலைக்குப் போடாதீர்கள். நிகழ்ச்சி முடிந்து அறைக்கு வந்துசேரவே நள்ளிரவு தாண்டிவிடும். குழு கூடுதலாக நான்கு பாட்டுப் பாடும் இரவில், விமானத்தை நினைத்து நடுவிலேயே எழுந்து வர வேண்டியிருக்கும். மறுநாள் மாலைக்குப் பிந்தைய விமானமும், இறங்கும் நேரத்துக்குப் பின் போதிய இடைவெளியோடு நெல்லைக்கு ரயிலோ பேருந்தோ பதிந்துவைத்திருப்பதும் போதும்.