குட்டை பச்சைப் பெயிண்ட் கொட்டியதுபோல் ஆனால்: மயில்துத்தத்தைக் கையில் எடுக்கும் முன்

மீன் குட்டையில் எல்லாப் பச்சையும் கெடுதல் இல்லை. இளம்பச்சை நீர் மீனுக்குத் தீவனம். அளந்துதான் முடிவெடுக்க வேண்டும். 20 செ.மீ. அகலமுள்ள கறுப்பு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்குங்கள். 30 முதல் 40 செ.மீ. ஆழத்தில் மறைந்தால் சரி. 20 செ.மீ.க்குள்ளேயே மறைந்தால் தீவனம், சாணம், யூரியா எல்லாவற்றையும் அன்றே நிறுத்துங்கள்.

அடுத்து, அது எந்தப் பாசி? குச்சியால் அள்ளுங்கள். நூல் நூலாகத் தொங்கினால் இழைப்பாசி, விஷமிருக்க வாய்ப்பு குறைவு. பெயிண்ட்போல் வழிந்தால் நீலப்பச்சைப் பாசி என்றே சந்தேகப்படுங்கள் (பெயர்தான் பாசி, உண்மையில் பாக்டீரியா). கையுறை போட்டுக் கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் அளவு நீர் பிடித்து, பெயர் எழுதி ஒட்டி, ஓரிரவு ஃபிரிட்ஜில் அசைக்காமல் வையுங்கள். பச்சை மேலே திரண்டு மிதந்தால் சந்தேகம் வலுக்கிறது.

பாசியைக் கொல்ல மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) குட்டை முழுக்க ஒரேயடியாகப் போடுவதுதான் பெரிய தவறு. பாசி மொத்தமாகச் செத்தால் செல் வெடித்து உள்ளிருக்கும் விஷம் நீரில் கலக்கும்; அழுகல் ஆக்சிஜனைக் குடித்துவிடும். மிச்சமிருக்கும் மீனும் செத்து மிதக்கும்.

ஆபத்தான நேரம் விடியலுக்குச் சற்று முன். பகலில் ஆக்சிஜன் தரும் பாசியே இரவில் அதை இழுத்துக்கொள்கிறது. மீன் மேலே வந்து வாய் பிளந்தால் ஆக்சிஜன் தட்டுப்பாடு என்று அர்த்தம். ஏரேட்டரை (நீரில் காற்றைக் கலக்கும் கருவி) இரவு முதல் சூரியன் ஏறும்வரை ஓட்டுங்கள். இல்லையென்றால் குட்டை நீரையே மோட்டாரில் ஏற்றி, துளையிட்ட குழாய் வழியே உயரத்திலிருந்து விழவிடலாம். போர் தண்ணீரை நேராக விடாதீர்கள். அதிலேயே ஆக்சிஜன் குறைவு, அதுவும் தெறித்து விழ வேண்டும்.

காற்று ஒதுக்கும் கரையில்தான் படலம் தடிக்கும். மாடும் நாயும் அந்தப் பக்கம் போகாமல் வேலி கட்டுங்கள். நீலப்பச்சைப் பாசியின் விஷமான மைக்ரோசிஸ்டின் கல்லீரலைத் தாக்கும். காய்ச்சினால் போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரில் குழாய் நீரைக் குடிக்கவும் கூடாது, காய்ச்சவும் கூடாது என்று அறிவித்தது இதனால்தான். படலம் இருக்கும்வரை மீன் பிடிக்க வேண்டாம். தெளிந்த பிறகும் மண்வாடை அடித்தால் வியாபாரி விலையை அடிமட்டத்துக்கு இறக்குவார். சுத்தமான நீரில் சில நாள் விட்டு வாடை போனதும் விற்கலாம்.

அறுவடை முடிந்ததும் அடியிலுள்ள கறுப்புச் சேற்றை அள்ளி, தரை வெடிக்கும்வரை காயவிடுங்கள். பாசிக்கு உரமாகும் பாஸ்பரஸ் தேங்கிக் கிடப்பது அந்தச் சேற்றில். தொழுவத்திலிருந்து வரும் மழைநீருக்குத் தனி வாய்க்கால் வெட்டுங்கள்.