சாமுவேல் ராமோஸை எப்படி வாசிப்பது?

மெக்சிகோ மெய்யியலாளரான அவர், தம் நாட்டு மனிதனையும் பண்பாட்டையும் பற்றி 1934-இல் வெளியிட்ட நூலில் தொடங்குங்கள். அதற்கு முன் உளவியலாளர் ஆல்ஃபிரட் ஆட்லரின் தாழ்வு மனப்பான்மைக் கோட்பாட்டை ஒருமுறை படித்துவிடுங்கள். ராமோஸின் கருவியே அதுதான்.

பலரும் சறுக்குவது இங்கேதான்: மெக்சிகோக்காரர் தாழ்ந்தவர் என்று அவர் சொல்லவில்லை, தாழ்ந்தவராக உணர்கிறார் என்றார். ஐரோப்பாவின் அளவுகோலால் தன்னை அளப்பதால் வரும் உணர்வு அது. இந்த வேறுபாட்டை ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

'பெலாதோ' பகுதிக்கு இரண்டு வாசிப்பு தேவை. பெலாதோ என்பவன் நகரத்து ஏழை; சட்டென்று சீறுவான், ஆண்மையை உரக்கப் பேசுவான். அந்தச் சத்தம் உள்ளிருக்கும் பலவீனத்துக்குப் போர்வை. அடுத்து வரும் நடுத்தர வர்க்கப் பகுதியை விட்டுவிட்டால், ஏழையை மட்டும் பழிக்கும் நூலாகத் தெரியும். அது பெரும் அநியாயம்.

பிறகு இன்னொரு மெக்சிகோ மெய்யியலாளரான எமிலியோ உராங்காவுக்குப் போங்கள். தாழ்வு அல்ல, போதாமை என்று வாதிட்டவர் அவர்.