மாத்திரையைச் சொன்னோம், மலத்தைச் சொல்லவில்லை: சமுதாய வானொலியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம், புதிதாகத் தொடங்கிய ஒரு சமுதாய வானொலி நிலையத்துக்கு, அதாவது ஊர்க்காரர்களே தங்கள் பகுதிக்காக நடத்தும் சின்ன வானொலிக்கு, பயிற்சி கொடுக்கப் போயிருந்தேன். ஆறு பேர். யாருக்கும் இருபத்தைந்து வயதைத் தாண்டியிருக்காது. தாங்கள் தயாரித்த சுகாதார விளம்பரங்களை ஆசையாகப் போட்டுக் காட்டினார்கள். மூன்றாவது ஓடியபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. "கர்ப்பிணித் தாய்மார்களே, தினமும் ஒரு இரும்புச்சத்து மாத்திரை! தாய்க்கும் நல்லது, சேய்க்கும் நல்லது!" பின்னால் புல்லாங்குழல். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நான் எழுதிய விளம்பரமும் கிட்டத்தட்ட இதேதான். எங்களுடையதில் வீணை வாசித்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த வீணை என்ன பாடுபடுத்தியது என்பதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன். ஃபேனை அணைத்துவிட்டு ரெக்கார்ட் செய்யுங்கள், மைக்கை வாயில் இடிக்காதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. ஒரு வாரம் எடிட்டிங்கில் உட்கார்ந்தால் காதே கற்றுக்கொடுத்துவிடும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் சமுதாய வானொலிக்கு அனுமதித்திருக்கும் ஒலிபரப்புத் திறன் பொதுவாக 100 வாட். தரை சமமாக இருந்தால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கேட்கும். அதாவது உங்கள் நேயர் என்பவர் நாளைக்கு ரேஷன் கடையில் உங்களுக்கு முன்னால் நிற்கப்போகிறவர். ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டால், அது நடந்தே உங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.

நிலையத்தின் வசதிக்கு நேரம் குறிப்பது

பெண்களுக்கான நிகழ்ச்சியைக் காலை பதினொரு மணிக்கு வைப்பார்கள். அந்த நேரத்தில் பெண்கள் நூறு நாள் வேலையிலோ களையெடுப்பிலோ இருப்பார்கள். கேட்டால், "அப்பதான் சார் அறிவிப்பாளர் ஃப்ரீ" என்பார்கள். அட்டவணை போடுவதற்கு முன் நான்கு தெருவுக்குப் போய், அடுப்பு எப்போது எரிகிறது, டிவி எப்போது ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். சீரியலோடு மோதி ஜெயித்த நிலையத்தை நான் பார்த்ததில்லை.

டாக்டரை அரை மணி நேரம் பேசவிடுவது

வேண்டாம். மூன்று நிமிடம், ஒரே கேள்வி. மீதி இருந்தால் அடுத்த வாரம்.

பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்குவது

இப்போது வீணை.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. எங்கள் பகுதியும் அதற்கு விலக்கல்ல. கிராம சுகாதார செவிலியர் வீடு வீடாகப் போய் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார். நாங்களும் நம் பங்குக்கு உதவலாமே என்று முப்பது வினாடி விளம்பரம் ஒன்று செய்து, ஒரு நாளைக்கு எட்டு முறை போட்டோம்.

முதலில் எழுதிய ஸ்கிரிப்டில் இன்னும் இரண்டு வரி இருந்தது: மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும், சிலருக்கு வயிறு இறுகும், பயப்பட வேண்டாம். பார்த்துக் கொடுத்த மருத்துவர் அந்த இரண்டு வரியையும் அடித்துவிட்டார். "இதைச் சொன்னா ஒருத்தரும் வாங்க மாட்டாங்க தம்பி. நல்லதை மட்டும் சொல்லுங்க." உண்மையைச் சொன்னால் எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் ரேடியோவில் மலம் என்று எப்படிச் சொல்வது என்று கூசிக்கொண்டிருந்தேன். அதனால் அவரைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. வெட்டியது என் கை.

மூன்றாவது வாரம் நர்சம்மா நிலையத்துக்கே வந்துவிட்டார். பையைத் திறந்து என் மேசையில் மாத்திரை அட்டைகளைக் கொட்டினார். பெரும்பாலானவை பிரிக்கப்படாதவை. ஒரு வீட்டில் அரிசிப் பானைக்குள் இருந்ததாம், இன்னொரு வீட்டில் கோழிக்கூண்டுக்கு மேல். "நீங்க ரேடியோவுல போடறதுக்கு முன்னாடி பாதிப் பேராவது சாப்பிட்டுட்டு இருந்தாங்க" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் தேவலை.

நடந்தது இதுதான். முன்பெல்லாம் கறுப்பாகப் போனால், அந்தப் பெண் அடுத்த முறை நர்சம்மா வரும்போது காதோடு கேட்பாள். உடலில் சேராத மிச்ச இரும்புதான் அப்படிப் போகிறது என்று அவரும் சொல்லி அனுப்புவார். விஷயம் வாசற்படியிலேயே முடிந்துவிடும். நாங்கள் நாளைக்கு எட்டு முறை "நல்லது, நல்லது" என்று சொன்னபிறகு கணக்கு மாறிவிட்டது. ரேடியோவில் இவ்வளவு சொல்கிறவர்கள் கறுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே, அப்படியென்றால் இது மாத்திரையால் வருவதில்லை, வயிற்றுக்குள் வேறு ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று ஒரு மாமியார் முடிவு கட்டினார். மூன்று ஊருக்கு அந்தப் பேச்சு போனது. எங்கள் மேல் அவர்களுக்கு இருந்த நம்பிக்கைதான் அந்தப் பயத்தைத் தூக்கிச் சுமந்தது. யாரும் கேட்காத நிலையமாக இருந்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

அப்புறம் நான் செய்தது இன்னும் மோசம். "வதந்திகளை நம்பாதீர்கள், இரும்புச்சத்து மாத்திரையால் ஆபத்தில்லை" என்று அவசர அவசரமாக ஒரு அறிவிப்பு போட்டேன். அதுவரை எதுவும் கேள்விப்படாத ஊர்களில் கூட "என்ன வதந்தி?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். மறுப்பு என்ற பெயரில் வதந்திக்கு டவர் போட்டுக் கொடுத்தேன்.

இவ்வளவு நடந்தும் எங்கள் போன்-இன் நிகழ்ச்சியில் இதைப் பற்றி ஒரு அழைப்பு கூட வரவில்லை. வந்தவை எல்லாம் ஆண்கள் பாட்டுக் கேட்ட அழைப்புகள். எங்களிடம் தன்னார்வலராக இருந்த பெண்ணுக்குப் பத்து நாளாகவே விஷயம் தெரியும். என்னிடம் சொல்ல அவளுக்குக் கூச்சம்.

கடைசியில் சரிப்படுத்தியது ஒரு பாட்டி. மருமகளைக் கடைசி வரை மாத்திரை சாப்பிடவைத்தவர். திண்ணையில் உட்காரவைத்து அந்தத் தன்னார்வலர் பெண்தான் பதிவு செய்தாள், நான் தெருமுனையில் நின்றுகொண்டேன். "கறுப்பாத்தான் போவும். எம் மருமவளுக்கும் போச்சு. அதுக்கென்ன, எட்டியா பாக்கப் போற?" என்று அந்த அம்மா சிரித்த சிரிப்பை நாங்கள் வெட்டவில்லை.

அதற்குப் பிறகு வாரம் ஒரு விஷயமாகப் பிரித்தோம். மாத்திரையை டீ, காபியோடு சாப்பிட்டால் சத்து சரியாகச் சேராது, ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கால்சியம் மாத்திரையையும் இதையும் சேர்த்து விழுங்கக் கூடாது. குமட்டினால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிட்டுப் படுக்கலாம். நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று வீதம் 180 நாள், குழந்தை பிறந்த பிறகும் இன்னொரு 180 நாள். தார் மாதிரிப் பிசுபிசுப்பாக, கெட்ட நாற்றத்தோடு, வயிற்றுவலியோடு போனால் அது மாத்திரையின் கறுப்பு இல்லை, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மிட்டாய் மாதிரி இருப்பதால் சின்னக் குழந்தைகள் எடுத்து விழுங்கிவிடும், எட்டாத இடத்தில் வைக்க வேண்டும், நிறைய விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. இவ்வளவும் முப்பது வினாடிக்குள் அடங்குமா? அடங்காது. அடங்காத விஷயத்தை விளம்பரமாகச் செய்தோம் பாருங்கள், தவறு அங்கேதான் தொடங்கியது. நர்சம்மா பழையபடி என்னிடம் முகம் கொடுத்துப் பேச ஒரு வருடம் ஆனது.

எரிச்சல் எதற்கென்றால், போன மாதப் பயிற்சியில் அந்த ஆறு பேரிடம் கேட்டேன்: "இந்த மாத்திரையை உங்களில் யார் சாப்பிட்டிருக்கிறீர்கள்?" இரண்டு பெண்கள் கை தூக்கினார்கள். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒன்று கொடுத்தார்களாம். கறுப்பாகப் போகும் என்பது இரண்டு பேருக்குமே தெரியும். "அப்புறம் ஏன்மா எழுதலை?" என்றேன். "அதெல்லாம் ஸ்கிரிப்ட்ல போடலாமான்னு தெரியல சார்" என்றார்கள்.

போடலாம். போட வேண்டும்.

ரேடியோ நெல்லை உதாரணம் காட்டுவது

நிதி கேட்கும் விண்ணப்பத்தில் எல்லோரும் இதை எழுதுவார்கள். அறுபதுகளில் தஞ்சைப் பகுதியில் ஏ.டி.டி. 27 என்ற நெல் வானொலி வழியாகப் பரவியதால் விவசாயிகள் அதற்கு ரேடியோ நெல் என்றே பேர் வைத்தார்கள். கதை உண்மைதான், நமக்கெல்லாம் பெருமையும்தான். ஆனால் நெல் பக்கத்து வயலில் வளரும், வரப்பில் நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். பக்கத்து வீட்டுப் பெண்ணின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏறியதை எந்த வரப்பில் நின்று பார்ப்பது? ஊட்டச்சத்து கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் அதற்கு அந்தப் பாட்டி மாதிரி ஒரு சாட்சிக் குரல் வேண்டியிருக்கிறது. ஆந்திரத்திலிருந்து பிறகு பிரிந்த தெலங்கானாவில், ஜஹீராபாத் பக்கம், 2008 முதல் சங்கம் ரேடியோவைத் தலித் பெண்களே நடத்துகிறார்கள். சிறுதானியத்தைப் பற்றி அதைப் பயிரிட்டுச் சாப்பிடுகிறவர்களே பேசுகிறார்கள். உதாரணம் வேண்டுமென்றால் அதை எடுங்கள்.

கிடைக்காததைச் சாப்பிடச் சொல்வது

ஆப்பிளும் பாதாமும் ஸ்கிரிப்டில் வந்தால் அடித்துவிடுங்கள். வேலியில் முருங்கை நிற்கிறது, அங்கன்வாடியில் சத்துமாவு கொடுக்கிறார்கள். அதற்காக இன்னொரு பக்கம் சாயாதீர்கள். முருங்கைக்கீரை இருக்க மாத்திரை எதற்கு என்று ஒரு நாட்டுவைத்தியர் எங்கள் நிகழ்ச்சியிலேயே பேசிவிட்டார். கீரையில் உள்ள இரும்பு உடம்பில் குறைவாகத்தான் சேரும், எலுமிச்சை பிழிந்தால் கொஞ்சம் கூடும். ரத்தசோகை வந்துவிட்ட கர்ப்பிணிக்குக் கீரை மட்டும் போதாது.

அளவைச் சொல்லாமல் விடுவது

"பேதி கண்டால் உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள்." எவ்வளவு தண்ணீரில்? கடையில் ஒரு லிட்டர் பாக்கெட்டும் இருக்கிறது, 200 மில்லி பாக்கெட்டும் இருக்கிறது. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு ஏறிக் குழந்தைக்கு ஆபத்து. பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவைப் படிக்கச் சொல்லுங்கள், படிக்கத் தெரியாதவர் யாரைக் கேட்பது என்றும் சொல்லுங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்று சொல்லும்போதும் இதே கதைதான். "மட்டும்" என்றால் தண்ணீரும் கிடையாது, பிறந்ததும் நாக்கில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு வைக்கும் சேனையும் கிடையாது என்று வாய்விட்டுச் சொல்லாவிட்டால், அவற்றை யாரும் உணவுக் கணக்கில் சேர்ப்பதில்லை.

செய்தி வாசிப்பது

அனுமதி இல்லை. ஆகாசவாணிச் செய்தியை அப்படியே மறு ஒலிபரப்பு செய்யலாம். உள்ளூர் நிர்வாகம் கொடுக்கும் மின்சாரம், தண்ணீர், சுகாதார எச்சரிக்கை அறிவிப்புகளைச் சொல்லலாம். "ஊரில் டெங்கு பரவுதாம்" என்று நீங்களாகச் சொல்லக் கூடாது.

பரிசு கொடுப்பது

குக்கருக்காகப் போன் செய்கிறவர் குக்கரைப் பற்றித்தான் பேசுவார்.

போன் அழைப்பை எண்ணுவது

எங்களுக்கு ஒரு மாதத்தில் 240 அழைப்பு வந்ததென்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தோம். பிரித்துப் பார்த்தால் பதினோரு பேர். இப்போது மாதம் இரண்டு நாள் அந்தத் தன்னார்வலர் பெண் நோட்டை எடுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாயடிக்குப் போகிறாள். எந்த நிகழ்ச்சி பிடித்தது என்று கேட்பதில்லை. எது புரியவில்லை என்று கேட்கிறாள். முதல் நாள் நோட்டில் இருந்த முதல் வரி: "சரிவிகித உணவுன்னு சொல்றீங்களே, அது எந்தக் கடையில கிடைக்கும்?"